ஃபைனான்ஸ் முதுகலையில் என்ன படிப்பீர்கள்? புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபைனான்ஸில் முதுகலை சேரப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷேர் மார்க்கெட் சொல்லித் தருவார்களா?" என்றுதான். தருவார்கள். ஆனால் முதல் செமஸ்டரில் பெரும்பாலும் அதைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. எது எப்போது வரும், எதற்காக அந்த வரிசை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஆறு மாதம் வீணாகாது.

பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். நம் ஊரில் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் அல்லது எம்.காம். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரத்தில் எம்.ஏ. இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 'மாஸ்டர் ஆஃப் அப்ளைடு ஃபைனான்ஸ்' என்ற பெயர் பரவலாகப் புழங்குகிறது, இங்கிலாந்தில் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ். பெயர் எதுவானாலும் நடுத்தண்டு ஒன்றேதான்: நாளைக்கு வரும் என்று ஒருவர் சொல்லும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும், அது வராமல் போக எவ்வளவு வாய்ப்பு. பங்கு, கடன்பத்திரம், வங்கிக் கடன், ஆப்ஷன் (பிற்பாடு குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) எல்லாமே இந்தக் கேள்வியின் வெவ்வேறு வடிவம்தான்.

சேருவதற்கு முன்

பி.காம். முடித்தவர்களுக்குக் கணக்குப்பதிவு தெரிந்திருக்கும், புள்ளியியல் உதைக்கும். இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு அது தலைகீழ். உங்களுக்கு எது குறைவோ அதை மட்டும் கோடை விடுமுறையில் பாருங்கள். தெரிந்ததையே திரும்பப் படித்து மனசைத் தேற்றிக்கொள்வதில் பயனில்லை.

எல்லாருக்கும் பொதுவாகத் தேவைப்படுவது எக்செல். அதில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டூ வீலருக்கு 1 லட்சம் ரூபாய் கடன், 12 மாதம், "பன்னிரண்டு பர்சன்ட் ஃப்ளாட் ரேட் சார்" என்கிறார் ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் கடன் ஏஜென்ட். வட்டி 12,000, ஆக மொத்தம் 1,12,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 9,333 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது எக்செலில் ரேட் என்ற ஃபங்ஷனில் 12 தவணை, 9,333 ரூபாய், 1 லட்சம் என்று கொடுங்கள். தவணைக்கு மட்டும் மைனஸ் குறி போட மறக்க வேண்டாம். மாதத்துக்குச் சுமார் 1.79 சதவீதம் என்று வரும். வருடத்துக்கு 21.5 சதவீதம்!

காரணம் எளிது. அசலை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ பாதிப் பணம்தான், ஆனால் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சில்லறைக் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த வருடாந்திர வட்டி வீதத்தை ஒரு தனித்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. வீட்டில் யாராவது ஏலச்சீட்டு போட்டிருந்தால் அந்தப் பாஸ்புத்தகத்தை வாங்கி இதே மாதிரி கணக்குப் போடுங்கள். எந்த மாதம் எடுத்தவருக்கு என்ன வட்டி விழுந்தது என்று பார்த்துவிட்டால் பணத்தின் கால மதிப்பு என்ற முதல் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

முதல் செமஸ்டர்: கணக்கு அறிக்கைகளை வாசிப்பது

இங்கே பற்று-வரவு எழுதச் சொல்ல மாட்டார்கள். எழுதி வைத்ததை வாசிக்கச் சொல்வார்கள். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், ரொக்க ஓட்ட அறிக்கை ஆகிய மூன்றும் எப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் பாடம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அப்படியானால் எந்த நேரத்திலும் அவருடைய 9 கோடி ரூபாய் வெளியே நிற்கிறது. நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் அவர் அதற்கு முன்பே பணம் கட்டியாக வேண்டும். விற்பனை இரண்டு மடங்கானால் வெளியே நிற்கும் பணமும் 18 கோடி. லாபம் கூடிக்கொண்டே போகும், சம்பளம் போடப் பணம் இருக்காது. நல்ல ஆர்டர் வந்ததாலேயே படுத்துப்போகும் கம்பெனிகள் உண்டு. ஒர்க்கிங் கேபிடல் பாடம் முழுக்க இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு: காகிதத்தில் இருக்கும் ரொக்கம் உண்மையில் இருக்கிறதா? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். லாபத்தில் ஜோடனை செய்யலாம், வங்கி இருப்பில் செய்ய முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. வகுப்பில் இந்த வழக்கு வரும்போது கதையாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். முந்தைய வருடங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே சந்தேகப்பட்டிருக்கலாம் என்று தேடுங்கள்.

என் கணக்கில் இரண்டு வருடத்திலும் மிக முக்கியமான பாடம் இது. சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. வேலையில் சேர்ந்த பிறகு தினமும் கைகொடுப்பது இதுதான்.

புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்தகவு, ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிப்பது), காலத்தொடர் ஆய்வு ஆகிய மூன்றும் வரும். சந்தை ஒருநாள் பெரிதாக ஆடினால் அடுத்த சில நாளும் ஆடிக்கொண்டிருக்கும். அமைதியாக இருந்தால் அமைதியே தொடரும். இந்தப் பழக்கத்தைக் கணக்கில் பிடிக்கும் ஆர்ச் என்ற மாதிரியை ராபர்ட் எங்கிள் 1982இல் முன்வைத்தார். 2003இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதையும் அதன் வாரிசான கார்ச் மாதிரியையும் நீங்கள் பைத்தானிலோ ஆர் மொழியிலோ ஓட்டுவீர்கள். கோடிங் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஒரு டேட்டா ஃபைலைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கி, சராசரியும் திட்டவிலக்கமும் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) எடுக்கத் தெரிந்தால் போதும், மிச்சம் கூடவே வந்துவிடும்.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ்: ஒரு திட்டத்தில் பணம் போடலாமா?

பாடத்தின் மையம் என்.பி.வி., அதாவது நிகர இன்றைய மதிப்பு. எதிர்காலத்தில் வரப்போகும் பணத்தையெல்லாம் ஒரு வீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போடும் முதலோடு ஒப்பிடுவது. அந்த வீதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு கம்பெனியின் முதலில் 40 சதவீதம் கடன், 60 சதவீதம் பங்கு முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்கு 10 சதவீத வட்டி. வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, எனவே 25 சதவீத வரிக்குப் பிறகு அது 7.5 தான். பங்கு முதலுக்கு வட்டி என்று எதுவும் எழுதியிருக்காது, ஆனாலும் அது இலவசம் கிடையாது. அரசுக் கடன்பத்திரத்தில் 7 சதவீதம் கிடைக்கும்போது, ரிஸ்க் எடுத்து வருகிறவர் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பார். சந்தைக்கு மொத்தமாகக் கூடுதல் 6 சதவீதம், இந்தப் பங்கின் பீட்டா (சந்தை ஆடினால் இது எத்தனை மடங்கு ஆடும் என்ற அளவு) 1.2 என்றால் 7 கூட்டல் 7.2, அதாவது 14.2 சதவீதம். இரண்டையும் விகிதப்படி சேர்த்தால் சுமார் 11.5 சதவீதம். இந்தக் கம்பெனியில் எந்தத் திட்டமும் இதற்கு மேல் சம்பாதித்தாக வேண்டும்.

சரி, இப்போது இந்த வீதத்தை வைத்துக் கம்பெனியையே மதிப்பிடுவோம். அடுத்த வருடம் கையில் மிஞ்சும் பணம் 100 கோடி, அது என்றென்றும் வருடத்துக்கு 5 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டால் மதிப்பு 100ஐ 0.065ஆல் (11.5இல் 5 போக மிச்சம் 6.5 சதவீதம்) வகுப்பது: 1,538 கோடி. வளர்ச்சியை 6 என்று மாற்றுங்கள்: 1,818 கோடி. 4 என்றால் 1,333 கோடி. ஒரே ஒரு சதவீதப் புள்ளியில் 200 கோடியும் 280 கோடியும் ஏறி இறங்குகிறது. அந்த 5ஐ யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். புரோக்கரேஜ் அறிக்கைகளில் இலக்கு விலை புள்ளி பிசகாமல் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

இதே பாடத்தில் மோதிலியானி, மில்லர் இருவரின் 1958ஆம் வருடக் கட்டுரையும் வரும். வரியும் திவால் செலவும் இல்லாத உலகத்தில் கடனா பங்கா என்பதால் கம்பெனியின் மதிப்பு மாறாது என்பது அவர்கள் வாதம். "அப்படி ஒரு உலகமே இல்லையே" என்று மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த உலகத்திலிருந்து நம் உலகம் எங்கெங்கே விலகுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் மிச்சப் பாடம்.

முதலீடு: பங்கும், யாரும் கண்டுகொள்ளாத கடன்பத்திரமும்

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் சொன்னது இன்னும் முதல் வாரப் பாடம். 30 சதவீதத் திட்டவிலக்கம் உள்ள இரண்டு பங்குகளில் பாதிப் பாதி பணம் போடுகிறீர்கள். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது, முழுக்கச் சேர்ந்தால் 1) 0.2 என்றால் மொத்தத்தின் திட்டவிலக்கம் 23 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். எதிர்பார்க்கும் வருமானத்தை விட்டுக்கொடுக்காமலே ரிஸ்க் குறைகிறது. பத்து வங்கிப் பங்கு வாங்கி வைத்துக்கொண்டு "பிரித்துப் போட்டிருக்கிறேன்" என்பவரின் கதை இதில் சேராது. அவை எல்லாம் ஒன்றாகத்தான் விழும்.

சந்தை விலையில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே ஏறிவிடுகிறது என்று வாதிட்ட யூஜின் ஃபாமாவுக்கும், விலைகள் நியாயத்தை விட்டு வெகுதூரம் ஓடும் என்று காட்டிய ராபர்ட் ஷில்லருக்கும் 2013இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள் (மூன்றாமவர் லார்ஸ் ஹான்சன்). தேர்வில் இருவர் பக்கமும் எழுத வேண்டியிருக்கும்.

பங்கு வகுப்பில் கூட்டம் நிரம்பும், கடன்பத்திர வகுப்பில் கடைசி பெஞ்ச் தூங்கும். இது எனக்கு எப்போதும் வருத்தம், ஏனென்றால் வேலை நிறைய இருப்பது அங்கேதான். வங்கி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், பெரிய கம்பெனிகளின் ட்ரெஷரி என்று எல்லா இடத்திலும் ஆள் வேண்டும்.

அடிப்படை இது. 10 வருட அரசுக் கடன்பத்திரம், முகமதிப்பு 100 ரூபாய், வருடத்துக்கு 7 ரூபாய் வட்டி. சந்தை வீதமும் 7 என்றால் விலை 100. நாளைக்கே சந்தை வீதம் 8 ஆனால் உங்கள் பத்திரம் இன்னும் 7தான் தரும், ஆகவே விலை 93.29க்கு இறங்கும். அதே வட்டி தரும் 2 வருடப் பத்திரம் 98.22க்குத்தான் இறங்கும். காலம் நீள நீள அடி பலமாக விழும். இந்த அடியை அளக்கும் கோலுக்கு டியூரேஷன் என்று பெயர். இந்த 10 வருடப் பத்திரத்துக்கு அது ஏறக்குறைய 7, அதாவது வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை 7 சதவீதம் விழும் என்று சொல்லும். நிஜத்தில் விழுந்தது 6.71 தான். மிச்சம் 0.3 எங்கே போனது என்பதுதான் அடுத்த வகுப்பில் வரும் கான்வெக்சிட்டி.

வெறும் சூத்திரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க், டெபாசிட்டாக வந்த பணத்தை நீண்டகாலக் கடன்பத்திரங்களில் போட்டு வைத்திருந்தது. 2022இல் வட்டி வேகமாக ஏற, பத்திரங்களின் மதிப்பு சரிந்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை வாடிக்கையாளர்கள் வெளியே எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அரசுப் பத்திரங்கள் எதுவும் திவாலாகவில்லை என்பதைக் கவனியுங்கள். டியூரேஷன் பாடத்தில் இருப்பதுதான் அங்கே நடந்தது.

பழகிப்பார்க்க விரும்பினால் ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு இருக்கிறது. 2021 நவம்பரில் தொடங்கியது, தனிநபர்கள் அரசுப் பத்திரம் நேரடியாக வாங்கலாம். சின்னத் தொகைக்கு ஒன்று வாங்கி, ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றும் நாட்களில் அதன் விலையைப் பாருங்கள்.

டெரிவேட்டிவ்ஸ்

எல்லாரும் காத்திருக்கும் பாடம் இதுதான்: வேறொரு பொருளின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தங்கள். நம் திருப்பூர்க்காரரிடமே திரும்பப் போவோம். அவருக்கு மூன்று மாதத்தில் 1 லட்சம் டாலர் வரவேண்டும். இன்றைய விலை டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ரூபாய் வலுத்து 82 ஆனால் 2 லட்சம் நஷ்டம். எனவே வங்கியில் ஃபார்வர்ட் எடுத்து இன்றே விலையைப் பூட்டிக்கொள்கிறார். என்ன விலைக்கு? இந்தியாவில் வட்டி 7, அமெரிக்காவில் 5 என்றால் மூன்று மாத ஃபார்வர்ட் விலை 84 ரூபாய் 41 காசு. டாலர் ஏறும் என்று வங்கி ஜோசியம் பார்த்துச் சொன்ன விலை இல்லை இது. இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்திலிருந்து தானாக விழுவது. வேறு விலை சொன்னால் ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் டெபாசிட் போட்டே யாராவது ரிஸ்க் இல்லாமல் காசு பார்த்துவிடுவார்கள். ஆர்பிட்ராஜ் என்கிற இந்த ஒரு தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் ஃபியூச்சர்ஸ், ஸ்வாப், ஆப்ஷனுக்கு விலை போட 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் எல்லாம் அதன்மேல் கட்டிய மாடிகள்தான்.

பிளாக்-ஷோல்ஸைப் பிடிக்கக் கால்குலஸ் கொஞ்சம் வேண்டும். பி.காம். மாணவர்கள் முதலில் பைனாமியல் மரத்தில் (ஒவ்வொரு படியிலும் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கிளை பிரிக்கும் படம்) இரண்டு படி கையால் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் சூத்திரம் மிரட்டாது.

அப்புறம், இதைப் படித்த கையோடு மொபைல் ஆப்பில் வாராந்திர ஆப்ஷன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பட்டம் வாங்கினால் அந்த 7 சதவீதத்தில் சேர்ந்துவிடலாம் என்று பாடத்திட்டத்தில் எங்கும் எழுதியிருக்காது.

இரண்டாம் வருடம்: ரிஸ்க், கடன், சட்டம்

ரிஸ்க் பாடத்தில் முதலில் வருவது வி.ஏ.ஆர். (வேல்யூ அட் ரிஸ்க்). "99 சதவீத ஒருநாள் வி.ஏ.ஆர். 1 கோடி" என்றால் நூறு வர்த்தக நாளில் ஏறத்தாழ ஒரு நாள் நஷ்டம் 1 கோடியைத் தாண்டலாம் என்று அர்த்தம். தாண்டினால் எவ்வளவு தாண்டும்? அதைப் பற்றி அது வாயே திறக்காது. வங்கிகளுக்கு உலகப் பொது விதிகள் வகுக்கும் பாசல் குழு பிற்பாடு வேறு அளவுகோலுக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு ஃபண்டின் கதை கட்டாயம் வரும். ஆப்ஷன் விலைக்காக 1997இல் நோபல் வாங்கிய ஷோல்ஸும் மெர்ட்டனும் அந்த ஃபண்டில் பங்குதாரர்கள். அடுத்த வருடமே ரஷ்யா கடனைத் திருப்பித்தர முடியாது என்று கைவிரிக்க, ஃபண்ட் 4 பில்லியன் டாலருக்கு மேல் இழந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளை பெரிய வங்கிகளைக் கூட்டிவைத்துப் பேச, 14 நிறுவனங்கள் சேர்ந்து 3.6 பில்லியன் டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின. கணக்குத் தெரியாதவர்கள் செய்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

கடன் ரிஸ்க் பாடத்தில் எட்வர்ட் ஆல்ட்மன் 1968இல் கொடுத்த இசட் ஸ்கோர் வரும். ஐந்து விகிதங்களைக் கூட்டி ஒரு கம்பெனி நொடிக்குமா என்று குறிசொல்லும் முறை. ரேட்டிங்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி கொடுத்துவந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். உதாரணம்: 2018இல் உச்சபட்ச டிரிபிள் ஏ தரத்திலிருந்து சில வாரங்களில், கடனைக் கட்டத் தவறியவர்களுக்குத் தரும் டி தரத்துக்கு இறங்கியது.

சட்டத்தில் செபியின் உள்தகவல் வர்த்தக விதிகள், 2016 திவால் சட்டம், கம்பெனிகள் சட்டம். மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

புராஜெக்ட்

தலைப்பைச் சின்னதாக எடுங்கள். "இந்தியப் பங்குச் சந்தையின் வளர்ச்சி" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். "தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐந்து பட்டியலிட்ட நூற்பாலைகளின் ரொக்கச் சுழற்சி, பஞ்சு விலை ஏறிய வருடத்தில்" என்றால் நீங்களே அந்த விஷயத்தில் நிபுணர், கேட்பவருக்குத்தான் சங்கடம். தரவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஆண்டறிக்கைகள் கம்பெனி இணையதளத்திலும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களிலும் கிடைக்கும். வட்டி, பணவீக்கம், அந்நியச் செலாவணி விவரங்கள் ரிசர்வ் வங்கியின் தரவுத் தளத்தில் இருக்கின்றன.

பக்கத்திலேயே எழுதக்கூடிய தேர்வுகள்

முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ.வின் முதல் நிலைப் பாடத்திட்டமும் உங்கள் முதல் வருடப் பாடமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படியும். 180 கேள்விகள், இரண்டு அமர்வு. சூடு ஆறுவதற்குள் எழுதினால் உழைப்பு மிச்சம். கட்டணம் டாலரில், பல ஆயிரம் ரூபாயைத் தாண்டும், எனவே மாதிரித்தேர்வுகளில் தேறாமல் பணம் கட்டாதீர்கள்.

கைக்கு அடக்கமானது என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ்கள். செபி நிறுவிய அமைப்பு, கட்டணமும் குறைவு. ஆராய்ச்சி வேலைக்குப் போகிறவர்கள் பதினைந்தாவது வரிசையான ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வை எழுதுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விற்பனைக்கு ஐந்து-ஏ. டெரிவேட்டிவ்ஸுக்கு எட்டு. ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வை இரண்டாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையிலேயே முடித்துவிட்டால் மூன்றாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் தேடும்போது ரெஸ்யூமேயில் எழுத ஏதாவது இருக்கும். கூடவே நீங்களே போட்ட ஒரு கம்பெனி மதிப்பீட்டு எக்செல் ஷீட்டையும் எடுத்துப் போங்கள். "இந்த வளர்ச்சி வீதம் எங்கிருந்து வந்தது?" என்று நிச்சயம் கேட்பார்கள்.